ஆறாத சாப்பாட்டு டப்பா

"கையெழுத்துப் போட மாட்டா. நான் போட விடவும் மாட்டேன்!"

கண்டக்டரம்மா போட்ட சத்தத்தில் டாக்சி டிரைவர் பிரேக்கை மிதித்துவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ரிட்டயர் ஆகும்வரை பஸ்ஸில் 'உள்ளே போங்க, உள்ளே போங்க' என்று ஊரையே உள்ளே தள்ளிய தொண்டை அது.

"அண்ணே, உங்களை இல்லை. நீங்க ஓட்டுங்க," என்றேன்.

முன் சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார் துப்பு மாமா. ஊருக்குத்தான் துப்பு மாமா. எனக்கு நிஜ மாமா, அம்மாவின் தம்பி. நான் அவருடைய ஒரே அசிஸ்டென்ட். என் பெயர் அவருக்கே மறந்து போயிருக்கும். 'வாயாடி' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேன்.

"வாயாடி, அம்மா சொன்னதை ஒரு தடவை திருப்பிச் சொல்லு. சுருக்கமா," என்றார் கண்ணைத் திறக்காமல்.

"இவங்க மருமக ராணுவத்துக்கு ராடார் செய்யற இன்ஜினியர். மேட்டு மேல பெரிய தட்டு ஒண்ணு சுத்திக்கிட்டே இருக்குமே, அந்தப் பழைய ராடாருக்கு வயசாயிடுச்சு. இப்ப வர்ற ஏவுகணை வேகத்துக்கு அதால ஈடு கொடுக்க முடியலை. அதனால எதிர் மேட்டுல புதுசா ஒண்ணு செஞ்சிருக்காங்க. அது சுத்தாது. சுவர் மாதிரி நின்ன இடத்துலயே நின்னு எல்லாப் பக்கமும் பார்க்கும்..."

"சுருக்கமா."

"முந்தாநாள் கடைசி சோதனை. ஆளில்லாத குட்டி விமானத்தை அனுப்பினாங்க. புது ராடார் கோட்டை விட்டுருச்சு. வேணும்னே மருமகதான் ராடாரோட கண்ணை மூடி விட்டுட்டாங்கன்னு விசாரணை. 'என் தப்புதான்'னு இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள கையெழுத்துப் போட்டா வேலை மட்டும் போகும். போடலைன்னா நாசவேலைன்னு கேஸ், ஜெயில். எது நடந்தாலும் புது ராடாரை மூட்டை கட்டிருவாங்க."

"அவ ஏன் மூடப்போறா?" என்றார் கண்டக்டரம்மா. "கைக்குழந்தையைப் பார்த்துக்கற மாதிரி பார்த்துக்கிட்டா அந்த மெஷினை. அன்னிக்கு அவளை அப்பவே வீட்டுக்கு விரட்டி விட்டாங்க. வந்து உட்கார்ந்தா பாருங்க, எனக்கு வயிறு எரிஞ்சுது. இருட்டோட எழுந்து நான் கட்டிக் கொடுத்த டப்பாவை அப்படியே கொண்டு வந்திருக்கா. மத்தியானம் திறந்தா ஆவி பறக்குது. ஒரு வாய் வைக்கலை. சுடச்சுடச் சோத்தைக் கையில வெச்சுக்கிட்டுப் பட்டினி கிடக்கறாளேன்னு அழுதே விட்டேன். இன்னிக்கும் கட்டிக்கிட்டு வந்திருக்கேன்." மடியில் இருந்த தகர டப்பாவைத் தட்டிக் காட்டினார்.

"உள்ளே என்னம்மா வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். காலையில் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

மாமா கண்ணைத் திறந்து திரும்பினார். என் சாப்பாட்டு ஆசைக்குத் திட்டப் போகிறார் என்று பயந்தேன். ஆனால் அவர் பார்த்தது என்னை இல்லை. டப்பாவை.

"என் மருமகளைப் பார்த்திருக்கீங்களா?" கண்டக்டரம்மா செல்போனை நீட்டினார். "சோதனைக்குக் கொஞ்சம் முன்னாடி எடுத்தது. எல்லாரையும் கூப்பிட்டு, புது ராடார் வாசல்ல நின்னு எடுத்தாங்களாம்."

வெள்ளை ஹெல்மெட் போட்ட ஒரு கும்பல் ஈ என்று சிரித்தது. நடுவில் மருமகள். அவர்கள் தலைக்குப் பின்னால், தூரத்து மேட்டில், பழைய ராடார் தட்டின் குழிந்த உள்பக்கம் முழு வட்டமாகத் தெரிந்தது. மாமா படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "இது எனக்கு வேணும்," என்று தன் போனுக்கு அனுப்பிக்கொண்டார்.

ராடார் நிலையத்தின் வாசலில் காவலாள் துப்பாக்கியோடு வழி மறித்தான்.

"விசாரணைக்குத் தன் பக்கம் பேச ஆளைக் கூட்டிட்டு வரலாம்னு உங்க ரூல்லயே இருக்கு," என்றார் கண்டக்டரம்மா. "திறப்பியா, இல்ல நான் இறங்கி வரணுமா?"

அவர் இறங்க வேண்டி வரவில்லை.

* * *

புது ராடார் இரண்டு மாடி உயரத்துக்கு, லேசாகப் பின்னால் சாய்ந்து நின்றது. அதன் படிக்கட்டில் அந்த மருமகள் உட்கார்ந்திருந்தாள். தலையில் இன்னும் ஹெல்மெட்.

"உள்ளே போகக் கூடாதுன்னாங்க, போகலை. மேட்டை விட்டு இறங்குன்னாங்க, அதுக்கு வேற ஆளைப் பாருன்னுட்டேன்," என்றாள். பிறகுதான் மாமியாரைக் கவனித்தாள். "அத்தை! நீங்க எதுக்கு வந்தீங்க?"

"சாப்பிட்டியா?"

"அத்தை, இங்கே என் தலையே போகப் போகுது..."

"போகட்டும். சாப்பிட்டுட்டுப் போகட்டும்."

மாமா அவள் பக்கத்துப் படியில் உட்கார்ந்தார். "கண்ணை மூடறதுன்னா என்னம்மா? எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"இருட்டுல உங்க மூஞ்சிக்கு நேரா எவனாவது டார்ச் அடிச்சா என்ன பண்ணுவீங்க?"

"கண்ணை மூடிப்பேன்."

"நான் அவன் வம்சத்தையே இழுப்பேன்," என்றேன்.

அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். "இந்த ராடார் கண்ணை மூடிக்கும். ஒரு திசையிலிருந்து தாங்க முடியாத சிக்னல் வந்தா, அந்தத் திசையை மட்டும் தானா மூடிக்கும். நாங்களே கையாலயும் மூடலாம். அன்னிக்குப் பழைய ராடார் இருக்கற திசைதான் மூடிக்கிச்சு. விமானமும் அந்தப் பக்கமாத்தான் வந்துது. ஆனா சோதனைக்கு இடைஞ்சல் ஆகக் கூடாதுன்னு பழைய ராடாரை ஆஃப் பண்ணியிருந்தாங்க. அணைச்சதை நானே பார்த்தேன், இங்கே பொறுப்புல இருக்கற கர்னல் ரூமைப் பூட்டினதையும் பார்த்தேன், தட்டும் சுத்தலை. டார்ச்சே இல்லாதப்ப கண்ணு தானா எப்படி மூடும்? அப்போ நான்தான் கையால மூடியிருக்கேன்னு கேஸை ஜோடிச்சுட்டாங்க."

"தானா மூடினதா, கையால மூடினதான்னு மெஷினுக்குத் தெரியாதா?"

"அதைப் பதிஞ்சு வைக்கற வசதியை இன்னும் சேர்க்கலை. அது என் தப்பு. யார் கேட்டாலும் ஒத்துக்குவேன். அதுக்கு மேல ஒரு எழுத்து ஒத்துக்க மாட்டேன்." சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்துக் காட்டினாள். அடியில் கையெழுத்துக்கு ஒரு கோடு காலியாக இருந்தது. "இதைக் காலையிலிருந்து வெச்சிருக்கேன். கிழிச்சா கோபத்துல கிழிச்சேம்பாங்க. அதான் கிழிக்கலை."

எனக்கு அந்தப் பெண்ணை அப்படியே கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

* * *

கர்னலின் அறையில் சுவர் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. அவ்வளவு போட்டோ. மந்திரியோடு கர்னல், கோப்பையோடு கர்னல், கேக் வெட்டும் கர்னல். நாய்க் கண்காட்சியில் பரிசு வாங்கிய நாயைக்கூட முக்கால்வாசி மறைத்துக்கொண்டு கர்னல்.

"பாவம், நல்ல பொண்ணு," என்றார் அவர். "திறமை இருக்கு. பக்குவம் போதாது. கையெழுத்துப் போடச் சொல்லுங்க, நான் பார்த்துக்கறேன்."

"பழைய ராடாரை யாராவது ஆன் பண்ணியிருக்கலாமா சார்?" மாமா குழந்தை மாதிரி கேட்டார்.

கர்னல் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து ஆட்டினார். "ரூமுக்கும் மெயின் சுவிட்சுக்கும் சேர்த்து இது ஒண்ணுதான். மாத்துச் சாவி கிடையாது. சோதனை முடியற வரைக்கும் என் பாக்கெட்டை விட்டு வெளியே வரலை. எழுதிக் கொடுக்கவா?"

"வேண்டாம் சார். விசாரணையில வாயால சொன்னாப் போதும். அந்த ரூமை ஒரு தடவை பார்க்கலாமா?"

தாராளமாக என்றார். விசாரணை முடியும்வரை இரண்டு ராடாருமே அணைத்துத்தான் இருந்தன; வானத்தைப் பக்கத்து நிலையம் பார்த்துக்கொண்டிருந்தது. அவரே வந்து கதவைத் திறந்துவிட்டார். எங்களைப் பார்த்துக்கொள்ள ஒரு டெக்னீஷியனை நிறுத்திவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு விசாரணைக்குத் தயாராகப் போனார். போட்டோகிராபர் வருவார் போலிருக்கிறது.

டெக்னீஷியனை எல்லோரும் ஃபியூஸ் அண்ணன் என்றார்கள். ஒல்லியான ஆள். அறை முழுக்கச் சாம்பல் நிறப் பீரோ மாதிரி பெட்டிகள். மாமா சுற்று முற்றும் பார்த்தார். கண்டக்டரம்மாவின் கையிலிருந்த டப்பாவை வாங்கினார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, இருப்பதிலேயே பெரிய பெட்டியின் உச்சியில், முன்னால் நீட்டிக்கொண்டிருந்த தகரத்துக்குப் பின்னால் டப்பாவை வைத்தார்.

ஃபியூஸ் அண்ணனுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. "ஐயோ சார்! யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லலை. இருட்டோட கட்டின சோறு மத்தியானம் ஆவி பறக்குதாம். வீட்டுல அடுப்பு பத்த வைக்கலை. அப்போ இங்கேதானே எங்கயோ அடுப்பு இருக்கணும்?"

அண்ணன் கதவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சார், எங்க ஆளுங்க எல்லாருமே வைப்போம். ராடார் ஓடறப்ப இந்தப் பெட்டி உச்சி தோசைக்கல்லா கொதிக்கும். ஆனா மெஷின் ரூம்ல சாப்பாடு கூடாது, தெரிஞ்சா மெமோதான். எந்த ஆபீசருக்கும் இது தெரியாது. கர்னல் சாருக்குத் தெரிஞ்சா என்னைத் தொலைச்சுக் கட்டிருவார். அந்தப் பொண்ணு முதல்ல இங்கேதான் வேலை பார்த்துச்சு. அதோட டப்பாவையும் நான்தான் ஏத்தி வைப்பேன்."

"அன்னிக்கும் வெச்சீங்களா?"

"பூட்டறதுக்கு முன்னாடி வெச்சுட்டுத்தான் வந்தேன். கை தானாப் போகும் சார், பழக்க தோஷம். விமானம் தப்பிச்சுதுன்னு களேபரம் ஆனப்புறம், டூல்ஸ் பையை விட்டுட்டேன்னு பொய் சொல்லிக் கர்னல் சார்கிட்ட ரூமைத் திறக்கச் சொன்னேன். துணியால பிடிச்சு இறக்கிக் கொண்டு போய்க் கொடுத்தேன்."

"துணி எதுக்கு?"

"எதுக்கா? வெறுங்கையால எடுத்தா கை பொத்துப்..."

நிறுத்திவிட்டார். பெட்டியைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"தினமும் சூடா எடுக்கறவன் சார் நான்," என்றார் மெதுவாக. "அன்னிக்கு மட்டும் ஏன் சூடுன்னு எனக்குத் தோணவே இல்லையே!"

"எனக்கும்தானேய்யா தோணலை," என்றார் கண்டக்டரம்மா. "அவ சாப்பிடலையேங்கற கவலையிலதானே இருந்தேன்."

* * *

விசாரணைத் தலைவி முன்னாள் போர் விமானி. நரைத்த கிராப்பு. வார்த்தையைச் செலவழிக்க யோசிக்கிற ஆள்.

"கையெழுத்து?" என்றார்.

"இல்லை," என்றாள் மருமகள்.

மாமா எழுந்து டப்பாவை மேஜையில் வைத்தார். "அம்மா, எனக்கு ஒரு சின்ன சந்தேகம். கர்னல் சார், இதை உங்க பழைய ராடார் பெட்டி மேல இவ்வளவு நேரம் வெச்சிருந்தேன். தொட்டுப் பாருங்க. ஏன் சூடாகலை?"

கர்னல் தொட்டுப் பார்த்துவிட்டுச் சபையைப் பார்த்துச் சிரித்தார். "என்ன கேள்வி இது? ஆஃப்ல இருக்கிற மெஷின் மேல வெச்சா சோறு எப்படிய்யா சூடாகும்? அது ஆன்ல இருந்தாத்தான் சூடு!"

"அதைத்தான் சார் நானும் சொல்ல வந்தேன். என்னைவிட நல்லா சொல்லிட்டீங்க."

பிறகு ஃபியூஸ் அண்ணன் பேசினார். மெமோவுக்குப் பயந்துகொண்டே, ஒன்று விடாமல் சொன்னார். கண்டக்டரம்மா ஆவி பறந்ததைச் சொன்னார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மருமகள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தட்டு சுத்தலைன்னா ராடார் ஆஃப்னு எல்லாரும் நினைச்சுட்டாங்க," என்றார் மாமா. "தட்டை அசையாம நிறுத்தி வெச்சுக்கிட்டு, புது ராடாரோட மூஞ்சிக்கு நேரா டார்ச் அடிச்சிருக்காங்க. அந்த ரூமுக்குச் சாவி ஒண்ணே ஒண்ணுதான்னு கர்னல் சாரே சொன்னார்."

கர்னலின் சிரிப்பு போயிருந்தது. ஆனால் ஆள் லேசுப்பட்டவர் இல்லை. சட்டென்று எழுந்து விரலை நீட்டினார். ஃபியூஸ் அண்ணனை நோக்கி.

"அப்போ இவன்தான்! புது ராடார் வந்தா இவனுக்கு வேலை போயிடும். கள்ளச் சாவி போட்டு இவன்தான் ஆன் பண்ணியிருக்கான். தன் வாயாலயே ரூமுக்குள்ள போனேன்னு ஒத்துக்கிட்டானே! பிடிங்க அவனை!"

இரண்டு காவலர்கள் நகர்ந்தார்கள். ஃபியூஸ் அண்ணன் அழத் தொடங்கிவிட்டார். எனக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறியது. நான் பேசினால் மாமாவுக்குப் பிடிக்காது என்று தெரியும். பேசினேன்.

"கொஞ்சம் இருங்க! மாமா, அந்த போட்டோ!"

மாமா திட்டவில்லை. போனை என்னிடமே கொடுத்தார். நான் தலைவியின் முன்னால் கொண்டு போய் வைத்தேன்.

"சோதனைக்கு முன்னாடி எடுத்தது, புது ராடார் வாசல்ல. ஃபியூஸ் அண்ணன் இதோ, பல்லைக் காட்டிக்கிட்டு. பழைய ராடார் ஆளுங்க ஒருத்தர் பாக்கியில்லாம இருக்காங்க. அண்ணே, நீங்க நிறுத்தறப்ப தட்டை எந்தப் பக்கம் திருப்பி நிறுத்துவீங்க?"

"காட்டுப் பக்கம்," என்றார் அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ஆளுங்க இருக்கற பக்கம் திருப்பவே கூடாதும்மா. அன்னிக்கும் காட்டுப் பக்கம்தான் நிறுத்தினேன்."

"இங்கே பாருங்கம்மா, பின்னால தட்டோட உள்பக்கம் முழு வட்டமாத் தெரியுது. எல்லாரும் கேமராவைப் பார்க்கறாங்க, தட்டும் பார்க்குது! அப்போ இவங்க எல்லாரும் இங்கே சிரிச்சுக்கிட்டு நின்னப்ப, அங்கே யாரோ தட்டைத் திருப்பியிருக்காங்க. இனிமே ஒரே ஒரு கேள்விதான்." திரும்பி அந்த மனுஷனை நேராகப் பார்த்தேன். "நாயோட பரிசைக்கூட விட்டுக் கொடுக்காம போட்டோவுக்கு நிக்கற கர்னல் சார், இந்தப் படத்துல ஏன் இல்லை?"

கர்னல் மேஜையிலிருந்த தன் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"எல்லாரும் போங்க, ஞாபகமா இருக்கட்டும், ஒரு போட்டோ எடுத்துக்கங்கன்னு அனுப்பினதே அவர்தான்," என்றாள் மருமகள். "விமானம் எந்தப் பக்கமா வரணும்னு முடிவு பண்ணதும் அவர்தான்."

"பழைய ராடாருக்கு உதிரி பாகம் சப்ளை பண்றது அவரு மச்சினன்," என்றார் ஃபியூஸ் அண்ணன். "புதுசு வந்துட்டா அந்தக் கடைக்குப் பூட்டுதான்."

தலைவி படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு போனைக் கீழே வைத்தார். "சாவி, கர்னல். மேஜை மேல."

சாவி மேஜைக்கு வந்தது. காவலர்கள் திசை மாறி நடந்தார்கள்.

"இன்ஜினியர் மேல குற்றம் இல்லை," என்றார் தலைவி. "ஆனா சோதனை தோல்விங்கறது தோல்விதான். புது ராடாரைப் பத்தி அடுத்த வருஷம் யோசிப்போம். நீங்க போகலாம்."

நான் பையை எடுத்துவிட்டேன். கண்டக்டரம்மா கும்பிடக் கை தூக்கிவிட்டார். மருமகள் மட்டும் உட்கார்ந்த இடத்தில் இருந்தாள்.

"முடியாது," என்றாள்.

"என்ன?"

"போக முடியாதுங்கறேன். இன்னிக்கே விமானத்தை அனுப்புங்க. அதே வழியா. பழைய ராடாரையும் ஆன் பண்ணுங்க, தட்டை என் ராடாருக்கு நேரா நிறுத்துங்க. அடிக்கட்டும் டார்ச்!" அவள் எழுந்து நின்றாள். "வர்ற எதிரி டார்ச்சை அணைச்சு, பூட்டி, சாவியைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டா வரப் போறான்? ஒரு அலைவரிசையில தொல்லை வந்தா வேற ஒண்ணுக்குத் தாவிப் பார்க்கற வசதி இதுல ஏற்கெனவே இருக்கு. 'இந்தச் சோதனைக்கு வேண்டாம், நிறுத்தி வை'ன்னு சொன்னது அந்தக் கர்னல். நானும் தலையாட்டினேன். இனிமே ஆட்ட மாட்டேன்."

"தோத்தா?"

"தோத்தா நானே கையெழுத்துப் போடறேன்."

"ஏய்!" என்றார் கண்டக்டரம்மா.

"விடுங்க அத்தை. தோக்காது."

தலைவி சாவியை எடுத்து ஃபியூஸ் அண்ணனிடம் நீட்டினார். "ஆன் பண்ணுங்க."

* * *

புது ராடாரின் அறை குளுகுளுவென்று இருந்தது. மருமகள் திரை முன்னால் உட்கார்ந்தாள். எதிர் மேட்டில் பழைய தட்டு எங்களை முறைத்துக்கொண்டு நின்றது. திரையில் அந்தப் பக்கம் கறுப்பாக ஒரு துண்டு விழுந்தது. கண் மூடிக்கொண்டது.

அவள் இரண்டு பித்தான்களைத் தட்டினாள். கறுப்பு கொஞ்சம் விலகியது, திரும்ப மூடியது, திரும்ப விலகியது. கண்டக்டரம்மா என் கையைப் பிடித்த பிடியில் எலும்பு நொறுங்கியிருக்கும்.

"வா," என்றாள் மருமகள் திரையைப் பார்த்து. "வாடி என் செல்லம்."

ஓரத்தில் ஒரு புள்ளி. மங்கலாக. பிறகு தெளிவாக. எங்கேயோ தொலைவில், மேட்டுக்கும் காட்டுக்கும் அப்பால், விமானம் இன்னும் யார் கண்ணுக்கும் தெரியாத இடத்திலேயே அதைப் பிடித்துவிட்டது ராடார். அதன்பின் விடவே இல்லை.

"பார்க்குது," என்றார் தலைவி. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி வந்தது பாருங்கள், அதற்காகவே இந்த வழக்கை எடுத்திருக்கலாம்.

அறை முழுக்கக் கூச்சல். மருமகள் கூச்சலில் கலந்துகொள்ளவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அத்தை," என்றாள். "பசிக்குது."

டப்பா எங்கே என்று எல்லோரும் தேடினோம். அப்போது கதவு திறந்து ஃபியூஸ் அண்ணன் வந்தார். கையில் துணி சுற்றிய டப்பா. ராடார் சும்மாதானே ஓடுகிறது என்று ஏற்றி வைத்திருக்கிறார் மனுஷன்! தலைவியைப் பார்த்ததும் வெலவெலத்து நின்றுவிட்டார்.

"சாப்பாடு ஆறிடும். கொண்டாங்க," என்றார் தலைவி.

"மேஜை புதுசும்மா, சூடு பட்டா தழும்பாயிடும்," என்றார் அண்ணன். "அடியில எதையாவது வைக்கணுமே."

மருமகள் சட்டைப் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தாள். மடிப்பு பிரித்து, நன்றாக நீவி, மேஜையில் விரித்தாள். டப்பாவை வாங்கி அதன் மேல் வைத்தாள். மூடியைத் திறந்ததும் ஆவி பறந்தது.

"உள்ளே போகட்டும், உள்ளே போகட்டும்," என்றார் கண்டக்டரம்மா, அழுதுகொண்டே.

அவள் சாப்பிட்டு முடித்து டப்பாவை எடுத்தபோது நான் எட்டிப் பார்த்தேன். கையெழுத்துப் போட வேண்டிய கோட்டின் மேல் டப்பாவின் வட்டம் பழுப்பாகப் பதிந்திருந்தது.